ஃப்ளாப்பி டிரைவுக்குள் குங்குமம்

கோவில்பத்தில் பழைய இரும்புக் கடையில் கிடந்த கம்ப்யூட்டரை ஒரு மாதமாக உயிர்ப்பித்துக்கொண்டிருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த அதே பெட்டி. பெயின்டில் எழுதிய எண்கூட அழியவில்லை.

இன்று ஃப்ளாப்பி டிரைவை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்தலாம் என்று கழற்றினேன். உள்ளே முழுக்கச் சிவப்பு. குங்குமம்!

நான் வைத்ததுதான். அன்று ஆயுத பூஜை. "நீங்கதானே ஓட்டுறீங்க, நீங்களே பொட்டு வைங்க" என்றார்கள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். கொஞ்சமாக வைத்தால் தப்பாக நினைப்பார்களோ என்று ஃப்ளாப்பி செருகும் இடத்தில் தாராளமாக அப்பினேன். ஃப்ளாப்பி போட்டால்தான் கிளம்பும் பெட்டி, விடுமுறை முடிந்து வந்தால் கிளம்பவில்லை.

மெயினை அணைக்காமல் போனதாகப் பியூன் முத்தையன் மேல் பழி விழுந்தது. திருநள்ளாறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். போலகத்தில் இருந்த வீட்டிலிருந்து தினமும் அவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்தார்.

உடனே அவருக்குப் போன் செய்து சொன்னேன்.

"தெரியும் சார். தூசி தட்டுறப்ப உள்ள கொட்டிக் கெடந்தத பாத்தேன். வேதக்காரர் கையால வச்சதாலதான் பெட்டி கெட்டுப்போச்சுன்னு உங்கள பேசுவாங்களேன்னு வாயத் தொறக்கல."

மெமரி கார்டை ஓரமாக வைத்துவிட்டு, அந்த டிரைவையே துடைத்து மாட்டினேன். ஓடுகிறது.

அவரிடம் அடுத்து என்ன பேசுவது என்று தெரிந்தவர்கள் கமென்ட்டில் சொல்லுங்கள்.