ஆறாவது ஆணியின் இடத்தில் சோடா மூடி

1956 நவம்பர் 13, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பது. தூறல். ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியாவுக்குப் புறப்பட்ட பச்சை பஸ்ஸில் முப்பத்திரண்டு இருக்கைகள். ஆட்கள் ஐம்பத்தொரு பேர். நானும் மனைவியும் கதவோரம் நின்றோம். படியில் அடித்த தகரத்துக்கு ஒன்பது ஆணி. ஆறாவது கழன்ற இடத்தில் ஒரு சோடா மூடியை வைத்து அறைந்திருந்தார்கள். கதவுக்குக் கொழுக்கி இல்லை, தும்புக்கயிறுதான். மூன்றாம் வளைவில் கயிறு அவிழ்ந்தது. மனைவி வெளியே விழுந்தாள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது.

பஸ் நிற்குமுன் அவள் தானாகப் பாய்ந்தாள் என்று கொண்டக்டர் ஆஸ்பத்திரியில் சொல்ல, அங்கே புத்தகத்தில் அப்படியே எழுதியும் விட்டார்கள். பார்க்க வந்த சனமெல்லாம், அப்படி என்ன அவசரம் என்று அவளையே கேட்டது. கை மெல்லப் பொருந்தி வந்தது; அந்தப் பேச்சுத்தான் அவளுக்கு ஆறவில்லை. கயிறு அவிழ்ந்ததை ஒப்புக்கொண்டு ஒரு வரி தரும்படி பஸ் கொம்பனிக்குப் பதிவுத் தபாலில் மூன்று கடிதம் போட்டேன். மூன்றாவதற்குப் பதில் வந்தது: ஜனவரி எட்டில் விசாரணை, வவுனியா அலுவலகத்துக்கு வரவும். இவ்வளவு மரியாதையாக எழுதியதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அன்று காலை பஸ் வரவில்லை. மர லொறி ஒன்றில் இடம் கேட்டுப் போனோம். அலுவலகப் பலகையில் வேறு பெயர். விரலால் தொட்டேன், பெயின்ட் ஒட்டியது. உள்ளே இருந்த கிளாக்கர், பழைய கொம்பனி கலைந்துவிட்டது, கடிதங்களும் அதோடு போய்விட்டன என்றார். எனக்கு வந்த பதிலை நீட்டி, இது உங்கள் கையெழுத்துத்தானே என்று கேட்டேன்.

"ஓம் மாஸ்டர், அது அங்கை இருக்கேக்க எழுதினது. இப்ப நான் இஞ்சை."

அவர் உட்கார்ந்திருந்த கதிரையைக்கூட மாற்றவில்லை என்பது என் ஊகம்.

மாலையில் ஊருக்குத் திரும்ப வந்து நின்றது சிவப்பு பஸ். ஏறுமுன் படியைப் பார்த்தேன். ஒன்பது. ஆறாவது, சிவப்புப் பூசிய சோடா மூடி. கொண்டக்டரும் அவனேதான். இது அந்த பஸ் அல்லவா என்று கேட்டேன்.

"அது வேற கொம்பனி, மாஸ்டர். அவையளை எங்களுக்குத் தெரியாது."

மனைவி கட்டுப்போட்ட கையோடு அவனைப் பார்த்தாள். "அப்ப என்னையும் தெரியாதோ, தம்பி? நான் பாய்ஞ்சதை நீர்தானே கண்டனீர்."

அவன் டிக்கெட்டைக் கிழித்துத் தந்துவிட்டு முன்பக்கம் போய்விட்டான்.

அந்த றோட்டில் வேறு பஸ் கிடையாது. கையைக் காட்ட இன்னும் ஏழு செவ்வாய்க்கிழமை அதிலேயே போய் வந்தோம். ஒவ்வொரு முறையும் கதவுக்கயிற்றை நானே இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் அவள் இன்றைக்கும் பாய்ந்தபடிதான் இருக்கிறாள். விழுந்த நாள் டிக்கெட், மூன்று பதிவுத் தபால், விசாரணைக்குப் போய்த் திரும்பியது, ஏழு செவ்வாய், எல்லாமாக எனக்குப் போனது நாற்பத்தாறு ரூபாய் பதினைந்து சதம்.