எடுங்கோ

ஹவாய்த் தீவின் இரண்டு தற்காப்புக் கலைகளில் எது எங்களுக்கு உதவும் என்று, கிளிநொச்சித் தையற்கடையில் என்னோடு வேலை செய்யும் சாந்தியும் நானும் வீடியோ பார்த்துப் பார்த்துச் சண்டை பிடிப்போம். விரலையும் மூட்டையும் முறிக்கிற பழைய லுவாதான் என் கட்சி. "நீ முறிக்கிறதுக்கு முதல் அவன் உன்னைப் பிடிச்சிடுவான். காஜுகென்போவில கராத்தே, ஜூடோ எல்லாம் கலந்திருக்கு. முழங்கையால இடிச்சுப்போட்டு ஓடலாம்" என்பாள் அவள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டையும் பழகிப் பார்ப்போம்.

அன்று பூநகரி பஸ்ஸில் தனியாக வந்தேன். நிற்க இடமில்லாத சனம். பின்னால் நின்றவனின் கை என் இடுப்பில் வந்து நின்றது. விலகினேன், கையும் கூடவே வந்தது. அவனுடைய சுண்டுவிரல் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. என் முழங்கைக்கு நேரே அவன் விலா. இரண்டு கலையும் ஞாபகத்தில் இருந்தன, உடம்புதான் அசையவில்லை. கடைசியில் வாய் திறந்தது.

"அண்ணை, கையை எடுங்கோ."

அவன் என் காதருகே சிரித்தான். "எடுங்கோவாம்."

என்னைத் தொட்டவனுக்கு நான் மரியாதை கொடுத்திருக்கிறேன். அது அவனுக்கே பகிடியாக இருந்திருக்கிறது. பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"எடடா கையை."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கை போய்விட்டது. அடுத்த தரிப்பிடத்தில் அவனும் இறங்கிப் போனான்.

எது சிறந்த கலை என்ற வழக்கு எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. ஆனால் எதைப் பழகினாலும் முதலில் "எடடா" என்று கத்திவிட்டுத்தான் தொடங்குகிறோம். சாந்திக்கு இன்னமும் "எடுங்கோ" என்றுதான் வருகிறது.