ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது

இந்த ஊரில் கூட்டத்தில் கையைத் தூக்கினால் எண்ணுகிறார்கள். சுவிட்சர்லாந்துக்கு வந்து ஏழு வருஷம் ஆன பிறகும் எனக்கு அது விநோதமாகவே இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் கிராமத்தில் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு மண்டபம் உண்டு. வருஷத்துக்கு இரண்டு முறை ஊரார் அங்கே கூடுவார்கள். கெமைண்டெவெர்ஸாம்லுங் என்று பெயர். ஊர்க்கூட்டம் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். நான் முதன்முதலாகப் போன கூட்டத்தில் சாக்கடைக் குழாயை மாற்றுவதா, இன்னும் இரண்டு வருஷம் பழையதிலேயே தள்ளுவதா என்று கேட்டார்கள். ரொட்டிக்கடைக்காரர், தபால்காரர், மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர் எல்லோரும் கையைத் தூக்க, இரண்டு பேர் வரிசை வரிசையாக நடந்து விரலை நீட்டி எண்ணினார்கள். தன் கை விட்டுப்போயிற்று என்று ஒரு கிழவர் எழுந்து சொன்னதும் முதலிலிருந்து மறுபடி எண்ணினார்கள். அவர் கையைச் சேர்த்தும் முடிவு மாறவில்லை. ஆனாலும் எண்ணினார்கள்.

வெளிநாட்டவனான எனக்கு ஓட்டு கிடையாது. பக்கச்சுவரை ஒட்டி ஏழெட்டு நாற்காலி போட்டு விருந்தினர் என்று அட்டை எழுதி வைத்திருப்பார்கள். அங்கே உட்கார்ந்து பார்க்கலாம். என் மனைவி சரோஜாவுக்கு இது புரிவதில்லை. வேலூரில் நர்ஸ் படிப்பு படித்தவள் அவள். இங்குள்ள ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுத்தபோது முதலில் வந்துவிட்டாள். நான் அரசாங்க வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் பின்னாலேயே வந்து, அதே ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் சேர்ந்தேன். "ஓட்டும் இல்ல, அவங்க பாஷையும் பாதிதான் புரியுது. அங்க போயி இன்னாத்துக்குங்க உட்கார்றீங்க?" என்று கேட்பாள். ஏதாவது சொல்லி மழுப்புவேன். உண்மையான காரணத்தை அவளிடம் நான் சொன்னதே இல்லை. இதை ஊரில் இருக்கும் நீங்களும், என்னைப்போல வெளியே வந்துவிட்டவர்களும் படிக்கும்போது அவளும் படிப்பாள்.

எங்களுக்கு மாடி வீட்டில் ஃபிராவ் (திருமதி) மார்ட்டி என்ற அம்மாள் இருக்கிறார். வயது அறுபதுக்கு மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காபிக்குக் கூப்பிட்டு அந்த மண்டபத்தின் கதையைச் சொன்னார். ஆதியில் ஊர்க்கூட்டம் ஒரு லிண்டன் மரத்தடியில் நடந்ததாம். மழைக்குப் பயந்து மாதாகோயிலுக்குள் போயிற்று. பாதிரியாரோடு சண்டை வந்து சாராயக்கடை மாடிக்கு மாறிற்று. அவருடைய அப்பா காலத்தில்தான் இந்த மண்டபத்தைக் கட்டினார்கள். "கட்டடம் மாறிக்கொண்டே இருந்தது. ஆனால் எங்கே கூடினாலும் உள்ளே ஆண்கள் மட்டும்தான். நாற்பத்தெட்டு வயது வரை நான் அந்தக் கூட்டத்துக்குக் காபி போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூடக் கை தூக்கியதில்லை. எங்களுக்கு ஓட்டு வந்ததே எழுபத்தொன்றில்தான்" என்றார். சொல்லிவிட்டு, "உங்கள் நாட்டில் பிரதம மந்திரியாகவே ஒரு பெண் இருந்தாரே. உங்கள் ஊர் மன்றத்தில் பெண்கள் இருந்தார்களா?" என்று கேட்டார்.

வெளிநாட்டில் இருக்கிற நமக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது நம் ஊரைப் பற்றிக் கேட்டால் நாக்கு தானாகவே பெருமையைத் தேடும். திருவண்ணாமலை கோயிலைப் பற்றிச் சொன்னேன். பழைய காலத்தில் சபையார் கோயில் மண்டபங்களில் கூடி முடிவெடுத்து, அதைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள் என்றேன். அது பொய்யில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்கள் மன்றத்திலும் ஒரு அம்மா இருந்தார், உங்களுக்கு ஓட்டு வந்த அதே சமயத்தில். பச்சையம்மாள் என்று பெயர். தீர்மானங்களை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுவேன்" என்றேன். சொல்லும்போதே உள்ளே ஏதோ இடறிற்று. சரி செய்துவிடலாம் என்று, "ஆனால் அவர் வெராண்டாவில்தான் இருப்பார்" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சேர்த்துச் சொன்னேன். ஃபிராவ் மார்ட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. "வெராண்டாவிலா! எவ்வளவு அழகு!" இங்கே வெராண்டா என்பது வீட்டின் முன்பக்கம் கண்ணாடி வைத்து, வெயில் விழும்படி கட்டிய அறை. மதிப்பான விருந்தாளியை அங்கேதான் உட்கார வைப்பார்கள். நான் திருத்தவில்லை. இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். எந்த ஒன்றியம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. டவுனில் எங்கள் வீடு. தினமும் பஸ்ஸில் போய்வருவேன். அலுவலகம் கட்டிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். முன்னால் நீள வெராந்தா, பின்னால் கூட்ட மண்டபம், மேடையில் சேர்மன் நாற்காலி. எங்கள் மேனேஜர் பழங்கதைப் பிரியர். கோயில் மண்டபம் போய், நவாபு ஆட்களின் கச்சேரி வந்து, வெள்ளைக்காரன் தாலுகா கச்சேரி கட்டி, அதற்கப்புறம்தான் ஜனங்களுக்கென்று இந்த மண்டபம் வந்தது என்று புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மன்றத் தீர்மானப் புத்தகம் என் பொறுப்பு.

பச்சையம்மாள் காலனிக்காரர். தாழ்த்தப்பட்டவர்களும் பெண்களும் மன்றத்தில் இல்லாவிட்டால் சிலரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஒரே ஆளைப் போட்டால் இரண்டும் முடிந்தது என்று அவரைப் போட்டார்கள். கணக்குப்படி உள்ளே அவருக்கும் ஒரு நாற்காலி உண்டு. முதல் கூட்டத்தன்று அவர் நிலைப்படியில் கால் வைத்தபோது உள்ளே பேச்சு நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காலை எடுத்துக்கொண்டு வெராந்தாவில் ஜன்னலோரமாகப் போய் நின்றார். அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் அங்கேதான் நின்றார். கூட்டம் முடிந்ததும் நான் புத்தகத்தை வெளியே எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்கி வருவேன். முதல் தடவை மைப்பெட்டியை நீட்டினேன்.

"கைநாட்டு வோணாம் சார். பேரு எழுதக் கத்துக்கினேன்" என்றார். ஜன்னல் திட்டில் புத்தகத்தை வைத்து நிதானமாக எழுதினார். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுத்தான் பேனாவைத் தந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அவரிடம் நீ என்றுதான் பேசினேன்.

காலனியில் குடிதண்ணீர் இல்லை. போர் போட்டு ஒரு கைபம்பு வைத்துத் தரவேண்டும் என்று அவர் ஜன்னல் வழியாகவே நாலைந்து கூட்டத்தில் கேட்டார். ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து இன்னொரு தீர்மானம் வந்தது: மேற்படி கைபம்பை இடமாற்றம் செய்து வேறு இடத்தில் அமைப்பது. அந்த இடம் சேர்மனுடைய மைத்துனரின் நிலத்தை ஒட்டி இருந்தது. உள்ளே ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கையெல்லாம் யாரும் தூக்கவில்லை. ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது என்று எழுதிப் புத்தகத்தை வெளியே எடுத்துப்போனேன்.

"மேல இன்னா எழுதியிருக்குதுனு கொஞ்சம் படிச்சு சொல்லுங்க சார்" என்றார் பச்சையம்மாள்.

உள்ளே போண்டாவும் டீயும் வந்திருந்தன. "இன்னாப்பா, ஒரு கையெழுத்து வாங்க இவ்ளோ நேரமா?" என்று மேனேஜர் குரல் கொடுத்தார். கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் அது. டவுனுக்குப் போகும் பஸ்ஸை விட்டால் அடுத்ததில் கால் வைக்க இடம் இருக்காது. உள்ளதைச் சொன்னால் கையெழுத்துப் போடமாட்டார், சத்தம் போடுவார், எல்லாம் லேட்டாகும். என்னை யாரும் மிரட்டவில்லை. யாரும் எதுவும் கொடுக்கவும் இல்லை.

"காலனிக்குக் கைபம்பு போடறதுனு இருக்குது. போடு" என்றேன்.

"எப்ப சார் போடுவாங்க?"

"அடுத்த மாசம்."

அந்த மாசக் கணக்கை நானாகத்தான் சேர்த்துக்கொடுத்தேன். அவர் சிரித்தார். கையெழுத்துப் போட்டார். எனக்கு பஸ் கிடைத்தது, உட்கார இடமும் கிடைத்தது.

போர் வண்டி வந்து வேறு இடத்தில் நின்றதும் பச்சையம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். அன்று கூட்டம் இல்லை. நேரே மண்டபத்துக்குள் நுழைந்து, அதன் ஓரத்தில் இருந்த என் மேஜைக்கு முன்னால் நின்றார். "நீங்க படிச்சு சொன்னதை நம்பித்தானே சார் போட்டேன்?"

"எழுதினதைத்தான் படிச்சேன். நீ சரியாக் கேட்டிருக்க மாட்ட" என்றேன்.

மேனேஜர் புத்தகத்தைப் பிரித்து, "இதோ பாரு, உன் கையெழுத்துதானே இது?" என்றார். பச்சையம்மாள் குனிந்து பார்த்தார். "என்னுதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. சேர்மன் வீட்டுப் புடவைக்கு விலைபோய்விட்டாள் என்று காலனியில் பேசிக்கொண்டதாகப் பியூன் சொன்னான். நான் ஒரு ஃபைலைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். சில வருஷத்தில் மன்றங்களையே கலைத்துவிட்டுத் தனி அலுவலரைப் போட்டார்கள். மண்டபத்தில் உர மூட்டையும் கொசுமருந்து டின்களும் அடுக்கினோம். எனக்குக் கல்யாணம் ஆயிற்று. இங்கே வந்தேன்.

இதையெல்லாம் மறந்தேதான் இருந்தேன் என்று சொல்ல ஆசை. கேக் தின்ற அடுத்த வருஷம் இங்கே ஊர்த்தலைவர் பதவிக்கு முதல் தடவையாக ஒரு பெண்மணி நின்றார். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, எங்கள் ஊருக்கு அதற்கெல்லாம் இன்னும் காலம் வரவில்லை என்றார். ஃபிராவ் மார்ட்டி எழுந்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த என்னைக் கையால் காட்டினார். "அந்த ஐயாவின் ஊரில், நான் இந்த மண்டபத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே ஒரு ஏழைப் பெண் மன்றத்தில் இருந்தாள். அவளை வெராண்டாவில் மரியாதையாக உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு தீர்மானத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டினார்கள். படித்தவர் இவர்தான்!" மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டியது. நான் தலையை அசைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். கைகளை எண்ணினார்கள், அந்தப் பெண்மணி ஜெயித்தார். என் பொய்யால் ஒரு நல்ல காரியம் நடந்ததே என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். யாரும் கைகுலுக்க வருவதற்குள் வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த லீவில் ஊருக்கு வந்தேன். கூட்டாளி ஒருவனைப் பார்க்கப் போவதாகச் சரோஜாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். காலனியில் பச்சையம்மாள் வீட்டு வாசலில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"நான் ஒன்றிய ஆபீஸ்ல இருந்தேன்மா. தீர்மானப் புத்தகம் எடுத்துக்கினு வருவேன்."

நிமிர்ந்து பார்த்தார். "ம். வெளிநாட்டுக்குப் போயிட்டாருனு சொன்னாங்க."

"அன்னைக்கு உங்களுக்குத் தப்பாப் படிச்சுக் காட்டினேன். தெரிஞ்சேதான் பண்ணேன்."

அவர் கை உரிப்பதை நிறுத்தவில்லை. "அது எனக்குத் தெரியாதா? இத எங்கிட்ட சொல்றதுக்கா அம்மாந் தூரத்துலேர்ந்து வந்தீங்க? எங்க தெருவுல சொல்லுங்க. எந் தங்கச்சி சாவற வரைக்கும் எங்கூடப் பேசல."

சொன்னேன். இப்போது தெருவுக்குக் குழாய் வந்திருந்தது. குடத்தோடு நின்ற பெண்கள், சைக்கிளை நிறுத்திவிட்டு வந்த இரண்டு மூன்று ஆண்கள், மொத்தம் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். என் சட்டையும் கடிகாரமும் எனக்கே அசிங்கமாகத் தெரிந்தன. சொல்லி முடித்ததும் ஒருவரும் திட்டவில்லை. பெரியவர் ஒருவர் மட்டும், "அப்பவே சொல்லியிருந்தா, சார்..." என்று ஆரம்பித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பச்சையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எந்தப் புக்குல என் கையெழுத்து இருக்குதோ, அந்தப் புக்குல இதுவும் ஏறணும். எழுதிக் குடுங்க."

மறுநாள் இருவரும் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனோம். முந்தின வருஷம்தான் மறுபடி தேர்தல் நடந்திருந்தது. சுவருக்குப் புது வெள்ளையடித்திருந்தார்கள். இளைஞர் ஒருவர் எழுத்தராக இருந்தார். பச்சையம்மாளைப் பார்த்து, "உட்காருங்கம்மா" என்றார். அவர் உட்கார்ந்தார். நான் எழுதி வந்த தாளை எழுத்தர் இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்க்கச் சங்கடப்பட்டுக்கொண்டு, தாளின் கீழ்ப்பகுதியைத் தொட்டார்.

"இது வெளிநாட்டு விலாசமா இருக்குதுங்களே. இத மன்றத்துல வைக்கணும்னா உள்ளூர் விலாசம் வேணுங்க."

அதை அடித்துவிட்டு டவுனில் எங்கள் தெருவையும் கதவு எண்ணையும் எழுதினேன்.

"இங்க இப்ப யாருங்க இருக்காங்க?"

"அந்த வீட்ட வித்துட்டோம்."

நானே அதையும் அடித்தேன். வேறு எதை எழுதுவது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இங்க குடுங்க சார்" என்று பச்சையம்மாள் பேனாவை வாங்கினார். தன் பெயரை எழுதினார். "எம் பேர்லயே வச்சுக்கப்பா. எனக்கு விலாசம் இருக்குது. நான் சொல்றேன், நீ எழுது" என்றார். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

அது மன்றத்துக்குப் போயிற்றா, புத்தகத்தில் ஏறிற்றா என்று எனக்கு இதுவரை தெரியாது. நான் கடைசியாகப் பார்த்தபோது அந்தத் தாள் எழுத்தர் மேஜையில் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. என் பெயருக்குக் கீழே இரண்டு விலாசங்கள், இரண்டிலும் குறுக்கே கோடு. அவற்றுக்கும் கீழே பச்சையம்மாள், கதவு எண், காலனி, ஊர், தபால். எழுத்தர் அதன் மேல்தான் முத்திரையைக் குத்தினார்.