விட்டுப் போவதற்கு இங்கிலீஷில்

லாஸ்பேட்டையில் மனு டைப் அடித்துத் தரும் கார்குழலிக்குக் கனமான இங்கிலீஷ் வார்த்தைகள் மேல் ஒரு மோகம். சாதாரணச் சொல்லைப் போட்டால் ஆபீசில் மதிக்கமாட்டார்கள் என்பது இருபது வருஷத்தில் அவளாகக் கண்ட நியாயம்.

ஒரு மத்தியானம் செந்தமிழ்ச்செல்வி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மில் தொழிலாளி வீட்டுப் பெண். புருஷன் இறந்துவிட்டான். குவைத்தில் வீட்டு வேலை கிடைத்திருந்தது. குழந்தையைச் சேர்க்க ஒரு குழந்தைகள் இல்லத்தில் கடிதம் கேட்டிருந்தார்கள்.

"பாப்பாவ இங்க உட்டுட்டுப் போறேன்னு ரெண்டு வரி போடுங்கக்கா. மத்ததெல்லாம் நேர்ல பேசிட்டேன்."

கார்குழலி 'லீவ்' என்று அடித்தாள். பள்ளிக்கூட லீவு லெட்டர் மாதிரி இருந்தது. அழித்துவிட்டு 'அபாண்டன்' என்று போட்டாள். செல்வி கையெழுத்திட்டாள்.

ஒன்றரை வருஷம் கழித்து குவைத்திலிருந்து திரும்பிய செல்வி, அந்தக் கடிதத்தின் நகலோடு மறுபடி வந்து நின்றாள். இல்லத்தில் ஆட்கள் மாறியிருந்தார்கள். வாய்ப்பேச்சு யாருக்கும் நினைவில்லை. குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டார்கள்.

"இந்த வார்த்தைக்கு என்னக்கா அர்த்தம்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது.

"கைவிட்டுட்டேன்னு அர்த்தம்மா."

"நான் உட்டுட்டுப் போறேன்னுதான சொன்னேன்?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்று ராத்திரி கார்குழலி கொஞ்சமாவது தூங்கியிருப்பாள்.

மறுநாளே செல்வியோடு இல்லத்துக்குப் போய், வார்த்தை என்னுடையது, பிழை என்னுடையது என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். எட்டு மாதம் இருவரும் அலைந்தார்கள். குழந்தை வேறு மாநிலத்தில் ஒரு வீட்டில் வேரூன்றிவிட்டது, இனிப் பிடுங்க முடியாது என்று கோர்ட்டில் முடிவானது. தத்தெடுத்தவர்களிடமிருந்து வருஷத்துக்கு ஒரு போட்டோ மட்டும் வரும்.

அதன்பின் எந்த மனுவையும் வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டாமல் கார்குழலி கையெழுத்து வாங்குவதில்லை. ஆனாலும் விசைப்பலகையில் கை வைத்தால் அந்தக் குரல் காதோரம் கேட்கும்: உட்டுட்டுத்தான, உட்டுட்டுத்தான. பஸ்ஸில் எந்தப் பெண்குழந்தை திரும்பிப் பார்த்தாலும் அதன் முகத்தில் செல்வியின் ஜாடையைத் தேடுவாள்.

போன மாதம்தான் முதல் போட்டோ வந்தது. கருவடிக்குப்பத்தில் வீட்டு வேலைக்குப் போகும் செல்வி, வேலை முடிந்ததும் நேரே எடுத்து வந்தாள். படத்தில் இரட்டைச் சடை, புது கவுன். அடியில் இங்கிலீஷில் ஒரு வரி.

"சந்தோஷமா இருக்கான்னா போட்டிருக்கு?"

'அட்ஜஸ்டட்' என்று இருந்தது. கார்குழலி அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தாள்.

"பழகிட்டாளாம்," என்றாள்.

செல்வி தலையசைத்துப் படத்தை வாங்கிக்கொண்டாள்.