மொக்கைச்சாமி பதித்த கேஜ் கண்ணாடி

மொக்கைச்சாமியைக் குடிகாரன் என்று அல்லிநகரத்தில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் சாராயம் காய்ச்சியவன், சரி. திருட்டுத்தனமாகக் காய்ச்சினான், அதுவும் சரி. குடிகாரன் என்று சொல்கிறவர்கள் அவனோடு ஒரு நாள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. பருத்தி வரத்துள்ள மாதங்களில் தேனியில் ஒரு ஜின்னிங் பாக்டரியில் பாய்லருக்குத் தீப்போடுவான். பருத்தி ஓய்ந்தால் பாக்டரியைச் சாத்திவிடுவார்கள். வயிற்றைச் சாத்தி வைக்க முடியுமா? கொட்டகுடி ஆற்றோரக் கரும்புத் தோட்டங்களில் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் பகல் முழுக்கப் புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகையோடு தன் கொட்டகை அடுப்புப் புகையையும் கலந்துவிட்டு, வெல்லக் கசண்டையும் வேலம்பட்டையையும் ஊறப்போட்டுக் காய்ச்சுவான். கூடமாட நிற்பது அவன் பெண்சாதி மாயக்காள்.

கட்டி வெகுகாலமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஊர் வாய் எப்படியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆற்றங்கரைக் கருப்பன் முன்னால் நின்று மொக்கைச்சாமி ஒரு வேண்டுதல் வைத்தான். பிள்ளை பிறந்து அதற்கு முதல் முடி இறக்கும்வரை சாராயத்தில் ஒரு சொட்டுகூட நாக்கில் வைப்பதில்லை என்று. காய்ச்சுகிறவனுக்கு இது லேசான காரியமில்லை. சரக்கு வாங்க வருகிறவன் முன்னால் காய்ச்சினவன் முதலில் ஒரு சிரட்டை குடித்துக் காட்டவேண்டும், அதுதான் அந்தத் தொழிலில் வழக்கம். குடிக்காவிட்டால் பானையைத் தொடமாட்டார்கள். அதனால் அவனுக்குப் பதிலாக மாயக்காள் குடித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொள்வாள்.

கருப்பன் கண்ணைத் திறந்தான். மாயக்காள் முழுகாமல் இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் பானை வெடித்தது. உள்ளே ஊறல் பொங்கி நுரை குழாயை அடைத்துக்கொண்டது. வெளியில் நிற்பவர்களுக்கு எப்படித் தெரியும்? மூடி தெறித்து, கொதிக்கிற ஊறல் அவள் தோளில் கொட்டியது. வயிற்றில் கொட்டியிருந்தால் என்று நினைத்து நினைத்து மொக்கைச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று தோன்றியது. பாய்லரில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், கேஜ் கண்ணாடி என்பார்கள். அளவுக்கு வெட்டியபின் மிஞ்சும் துண்டுகள் பாக்டரி மூலையில் கிடக்கும். அங்கே மிஷின் பழுது பார்க்கிற பிட்டர் அருளப்பனிடம் கேட்டு ஒரு துண்டை வாங்கிவந்தான். பானையிலிருந்து ஆவி போகிற குழாயை நடுவில் அறுத்து, அந்த இடைவெளியில் கண்ணாடியைப் பொருத்தினான். இரண்டு முனையிலும் சணல் சுற்றி, ரெட்லெட் அப்பினான். ரெட்லெட் என்பது ஈயத்தைச் சுட்டு எடுக்கிற சிவப்புப் பொடி. எண்ணெயில் குழைத்துப் பூசினால் பாய்லர் மூட்டில்கூட ஆவி கசியாது.

வேலை அச்சாக நின்றது. ஆவி போகும்போது கண்ணாடி வெறிச்சென்று இருக்கும். நுரை ஏறினால் பழுப்பாகத் தெரியும், உடனே விறகை இழுத்துவிடுவான். பிறகு ஒரு பானைகூட வெடிக்கவில்லை. பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே, கலெக்டர் உத்தியோகம் கிடைத்ததுபோல!

ஏழாம் மாதத்தில் பிள்ளை செத்துப் பிறந்தது. அடுத்த வருஷம் இன்னொன்று நாலாம் மாதமே கலைந்தது. மாயக்காளுக்கு அடிக்கடி வயிறு முறுக்கியது, உடம்பு வெளிறிப்போனது. காற்றுக் கருப்பு என்றார்கள், மந்திரித்தார்கள். வேண்டுதலில் ஏதோ குறை என்று அவள் நம்பினாள். "நீ கவனமா இருய்யா. மறந்துகூட நாக்குல வச்சிராத" என்று புருஷனைக் கெஞ்சுவாள். அவனும் கண்ணும் கருத்துமாக இருந்தான்.

மூன்றாவது முறை அவளுக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது, பாக்டரி திறக்கப்போகிறது என்று சொல்ல அருளப்பன் கொட்டகைக்கு வந்தார். மாயக்காள் அவருக்குச் செம்பில் தண்ணீர் நீட்டினாள். மணிக்கட்டு தொய்ந்து செம்பு கீழே விழுந்தது. அருளப்பன் அவள் கையையே பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஈறு ஓரம் கோடு இழுத்தாற்போல் கருநீலமாக இருந்தது. அவளை ஆற்றுக்கு அனுப்பிவிட்டு மொக்கைச்சாமியிடம் திரும்பினார்.

"ஏலே, ரெட்லெட்ட எங்கனடா பூசுன?"

மொக்கைச்சாமி பெருமையாகக் கண்ணாடியைக் காட்டினான்.

"அட பாவி! நம்ம பாக்டரில மூட்டுப் பூசிக்கிட்டிருந்த வைகுண்டராஜ் இப்படித்தானடா கை தொங்கிச் செத்தான். அத உள்ள வச்சு, அது வழியா வாரதக் குடிக்கிறீகளா?"

"அது காஞ்சு கல்லாப் போச்சுண்ணே."

"பாய்லர் தண்ணிக்குக் கல்லுதான். அத எவனும் குடிக்கல. ஊறல் ஆவியில புளிப்பு ஏறியிருக்குடா, அது ஈயத்த அரிச்சு எறக்கிரும். யாரு குடிக்கிறா?"

மொக்கைச்சாமி அவள் போன ஆற்றுப் பாதையைப் பார்த்தான். வெடித்தால் அவளுக்கு ஆகாது என்று வைத்த கண்ணாடி. பிள்ளைக்காக வைத்த வேண்டுதல். இரண்டும் சேர்ந்து அந்தச் சிரட்டையை அவள் கையில் கொடுத்திருந்தன. அருளப்பன் போனதும் குழாயைப் பிடுங்கிக் கண்ணாடியைக் கல்லில் அடித்து நொறுக்கினான்.

அந்த நேரம் பார்த்து மலை ஏலக்காய்த் தோட்டத்துக் கங்காணி சுருளியாண்டி ஆட்களோடு சரக்கெடுக்க வந்து நின்றான். பானைகள் நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டான். ஆற்றிலிருந்து திரும்பிய மாயக்காள் வழக்கம்போலச் சிரட்டையில் மோந்து, தொய்ந்த கையை இன்னொரு கையால் தாங்கி வாய்க்குக் கொண்டுபோனாள்.

குடிக்காதே என்று சொன்னால் கங்காணி காரணம் கேட்பான். விஷம் என்ற சொல் வெளியே வந்தால் மலையில் குடித்தவர்கள் எல்லாரும் இறங்கிவந்து கொட்டகையோடு கொளுத்திவிடுவார்கள். மொக்கைச்சாமி அவள் கையிலிருந்து சிரட்டையைப் பிடுங்கித் தானே குடித்தான்.

மாயக்காள் போட்ட கூச்சல் கரும்புத் தோட்டம் முழுக்கக் கேட்டது. "ஏய்யா! புள்ள வேணாமாய்யா ஒனக்கு? கருப்பன் பாத்துக்கிட்டிருக்கானே!"

கங்காணி சிரித்துவிட்டுச் சரக்கை ஏற்றச் சொன்னான். மொக்கைச்சாமியும் ஏற்றிவிட்டான். இதை நான் மறைக்கப் போவதில்லை. தன் பெண்சாதிக்கு ஆகாது என்று தெரிந்த சரக்கை மலையில் பாடுபடுகிற சனங்களுக்கு அனுப்பினான். அவன்மேல் எனக்கு எவ்வளவு இரக்கம் இருந்தாலும் இந்த ஒன்றை மன்னிக்க மனம் வரவில்லை.

அவர்கள் போனபின் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். நொறுங்கிய கண்ணாடியையும் ஒட்டியிருந்த சிவப்பையும் காட்டினான். அவள் நம்பவில்லை. "மண்ணையும் கண்ணாடியையும் சொல்லி என்னைய ஏமாத்தாத. நாக்கு ஊறுச்சு, குடிச்சிட்ட" என்றாள்.

ஆறாம் மாதம் பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. குழந்தையைப் புதைக்கப் போனவர்களிடமெல்லாம் மொக்கைச்சாமி ஈயம், ஈயம் என்று சொன்னான். யாருக்குப் புரியும்? கண்ணாடியால் பிள்ளை சாகுமா என்றார்கள். கருப்பனுக்கு வைத்த வேண்டுதலை மீறி அவன் குடித்ததைப் பார்க்க ஆள் இருந்தது. கேட்டவர்கள் அதை நம்பினார்கள், மாயக்காளும் சாகும்வரை அதைத்தான் நம்பினாள்.

அவள் கைகள் இரண்டும் பிறகு எழும்பவே இல்லை. அவன் அடுப்பைக் கலைத்துவிட்டுக் கூலிக்குப் போனான். காலையிலும் பொழுது சாய்ந்தும் அவன்தான் சோறு பிசைந்து ஊட்டவேண்டும். நான் பார்த்திருக்கிறேன். அவன் உருண்டை பிடித்து நீட்டுவான், அவள் சுவரைப் பார்த்தபடி வாயைத் திறப்பாள். வயிறு நிறைந்ததும் மூடிக்கொள்வாள். அவனிடம் ஒரு வார்த்தை பேச அந்த வாய் கடைசிவரை திறக்கவில்லை.