இரண்டாம் முறை கூப்பிடாதே

அவளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் கணவர் முந்திக்கொள்வார்: "டிரைவர் வேலைங்க. ஆனா சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

கணினி இயங்குதளத்தின் அடி ஆழத்தில், கெர்னல் என்ற பகுதியில், பழைய ஹார்டு டிஸ்க்குகளோடு பேசும் நிரல் ஒன்று உண்டு. அதற்குத்தான் டிரைவர் என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. எங்கெங்கிருந்தோ திருத்தங்கள் வரும். அவள் சரிபார்த்துச் சேர்த்தால் ஊர் உலகத்துக் கணினிகளுக்கெல்லாம் போகும்.

அன்று காலை ஒரு தச்சரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. "புது கெர்னல் போட்டதிலிருந்து என் டிஸ்க் திறக்கவில்லை. உர்ரென்று கிளம்புகிறது, டக்கென்று நிற்கிறது, மறுபடி உர்ர் என்கிறது. செத்துவிட்டது, சாயங்காலம் பிரித்துப் பார்க்கிறேன் என்கிறார் கடைக்காரர். காலமான என் மனைவி பிள்ளைக்குக் கதை சொன்னதெல்லாம் அதில்தான் இருக்கிறது."

பிரித்தால் தூசி பட்டு எல்லாம் போய்விடும். டிஸ்க் எழுவதற்குக் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்த ஒரு திருத்தத்தைப் போன மாதம்தான் சேர்த்திருந்தாள். அவள் மேசையிலிருந்த டிஸ்க்குகள் எல்லாம் சட்சட்டென்று எழுந்தன, நம்பிவிட்டாள். ஆனால் முதல் முறை எழாவிட்டால் டிரைவர் மறுபடி எழுப்புமே! அப்போதும் ஏன் எழவில்லை?

மண்டையைக் குடைந்துகொண்டே சோறு பரிமாறினாள்.

"அப்பா, சாப்பிட வாங்க!" என்று கணவர் குரல் கொடுத்தார். அடுத்த நொடியே மறுபடியும், "அப்பா!"

"இருடா!" உள்ளிருந்து மாமனார் சீறினார். "பாதி எந்திரிக்கும்போது கத்துற. நான் திடுக்குன்னு உக்காந்து, மறுபடி மொதல்லேர்ந்து எந்திரிக்கிறேன்."

"அப்ப நான் கூப்பிடக் கூப்பிட நீங்க வரவே மாட்டீங்களா?"

"மாட்டேன். உம் பொண்டாட்டியப் பாரு, ஒரு தடவ கூப்பிட்டுட்டுப் பேசாம இருப்பா. நானா வந்துடுவேன்."

கரண்டியைப் போட்டுவிட்டு அவள் ஓடினாள். டிஸ்க் பாதி சுழன்று எழும்போதே டிரைவர் பொறுமையிழந்து அதை ரீசெட் செய்கிறது. அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது!

தச்சருக்கு எழுதினாள்: "ஐயா, பிரிக்க விடாதீர்கள். அது சாகவில்லை, தவறு என்னுடையது. கணினியைப் பழைய கெர்னலில் கிளப்பிவிட்டுச் சும்மா உட்காருங்கள்."

பிறகு, தனிக்குணமுள்ள டிஸ்க்குகளுக்காக நிரலில் இருக்கும் பட்டியலில் அவருடைய டிஸ்க்கின் மாடலையும் சேர்த்தாள்: இதற்கு மட்டும் கூடுதலாகக் காத்திரு, இரண்டாம் முறை கூப்பிடாதே.

பொழுது சாய்வதற்குள் பதில் வந்தது. "எழுந்துவிட்டது அம்மா. அவள் சிரிக்கிறாள், கேட்டுக்கொண்டிருக்கிறோம்."

திருத்தத்தின் அடியில், குறை சொன்னவர், யோசனை தந்தவர் பெயர்களைப் போடுவது கெர்னல்காரர்களின் வழக்கம். முதலாவதில் தச்சரின் பெயர் ஏறியது. இரண்டாவதில் ஏறிய பெயரைப் பார்த்துக் கணவர் வாயைப் பிளந்தார்.

"எங்கப்பாவா? அவருக்கு மவுஸ்கூடப் பிடிக்கத் தெரியாதே!"

"அதனால என்ன? யோசனை அவரோடதுதானே," என்றாள் அவள். "காபி ஆறுது, மாமாவக் கூப்பிடுங்க."

அவர் ஒரு தடவை கூப்பிட்டார். மறுபடி வாயெடுத்தவர், அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். உள்ளே கட்டில் மெல்ல முனகியது.