வேலி போடலாமா என்று கேட்ட கூட்டம்

மூன்றாவது படம் திரையில் வந்தபோது, அதில் குனிந்து நிற்பது நான்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தன் முதுகை யாரும் பார்த்துப் பழகியிருப்பதில்லை. முதலில் அடையாளம் தெரிந்தது பைதான். ஊரில் ஜவுளிக்கடையில் கொடுத்த மஞ்சள் துணிப்பை. அதில் சிவப்பு எழுத்தில் "நன்றி, மீண்டும் வருக". அதற்கு மேலே என் சாம்பல் நிற ஸ்வெட்டர், தோளில் கிடந்த என் பின்னல்.

படத்தை எடுத்தவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னார்: "இந்தப் பெண் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் திருட்டு இப்படித்தான் நடக்கிறது. பட்டப்பகலில், பையோடு வந்து."

அவரை எனக்குத் தெரியும். எதிர் வீட்டில் மூன்றாவது மாடியில் இருக்கும் கிரேக்கப் பெரியவர். எங்கள் தெருவில் ஐம்பது வருடமாக இருக்கிறார். மூலையில் உள்ள தெப்பனர் என்கிற சின்ன மளிகைக்கடையில் பால் வாங்கப் போனால் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "பொன்ஜூர் மதாம்" என்பார். நானும் சொல்வேன். ஆறு வருடமாக அப்படித்தான்.

கூட்டம் நடந்தது எங்கள் தெருத் தோட்டத்தைப் பற்றி. பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற எங்கள் பேட்டையில், தெருமுனையில் இரண்டு கார் நிற்கும் இடத்தை நகராட்சி எடுத்துக்கொண்டு, தாரைப் பெயர்த்து, ஆறு பெரிய மரப்பெட்டிகளை வைத்து மண் நிரப்பியிருந்தது. ஒரு பெஞ்சும் உண்டு. பெயர் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கொரு பெட்டி. என்ன வேண்டுமானாலும் நடலாம். அந்தக் கோடையில் தக்காளி காணாமல் போகிறது என்று புகார் வந்தது. சுற்றிலும் வேலி போட்டு, கதவுக்குப் பூட்டு வைக்கலாமா, இல்லை இப்போதுபோலத் திறந்தே இருக்கட்டுமா? தெருவாசிகள் வந்து கருத்துச் சொல்லுங்கள் என்று விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

எனக்குப் பெட்டி கிடையாது. ஆனால் வேலி வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். பெட்டிகளுக்கும் நடைபாதைக்கும் இடையில் உள்ள சந்தில் குப்பைக்கீரை தானாக முளைக்கும். இந்த ஊர்க்காரர்களுக்கு அது களை. பிடுங்கி எறிவார்கள். எனக்கு அது வாரம் ஒரு நாள் பருப்போடு கடைந்த கீரை. வேலி வந்தால் அது போய்விடும். கூட்டத்தில் இதைச் சொல்லும் உத்தேசம் இல்லை. பொதுவாக, தோட்டம் எல்லோருக்குமானது என்று அழகாகப் பேச இரண்டு நிமிடத்துக்குப் பிரெஞ்சில் எழுதி வைத்திருந்தேன்.

என்னோடு கீழ்வீட்டு அக்காவும் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். விமான நிலையம் உள்ள டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில் வேலை. விடிவதற்கு முன் கிளம்பி மூன்று மணிக்குத் திரும்புவார். உண்மையில் அந்தத் தோட்டத்தைத் தொடங்கியதே அவர்தான். நகராட்சிக்கு அந்த யோசனை வருவதற்கு முன்பே, தெருமுனை மரத்தடியில் இருந்த ஒரு சாண் மண்ணில் தக்காளிக் கன்றும் பச்சைமிளகாயும் வைத்தவர். அதைப் பார்த்துத்தான் பெட்டிகள் வந்தன. முதல் வருடத்திலிருந்தே ஒரு பெட்டி அவருடையது.

கூட்டம் நூலகத்தின் கீழ்த்தளத்தில். மடக்கு நாற்காலிகள், ஒரு மேசையில் காப்பி. நகராட்சியிலிருந்து வந்த இளம்பெண் முதலில் தோட்டத்தின் வரைபடத்தைக் காட்டினாள். ஆறு பெட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் அதை வைத்திருப்பவரின் வீட்டு எண். அக்கா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தார். நான் என் காகிதத்தில் வினைச்சொற்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் பெரியவர் எழுந்து போய்த் தன் படங்களைக் காட்டினார். முதல் படத்தில் காயில்லாத தக்காளிச் செடி. இரண்டாவதில் ஒடிந்த கிளை. மூன்றாவதில் நான்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பேசாமல் இருங்கோ தங்கச்சி. முகம் தெரியேல்லை."

"அது வெறும் களைதான்க்கா. நான் தக்காளியத் தொடவே இல்ல."

"எனக்குத் தெரியும். பேசாமல் இருங்கோ."

அவர் பிடி இறுகியது. ஆனால் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தப்பே செய்யாதவள் எதற்கு ஒளிய வேண்டும் என்ற திமிர்தான். எழுந்தேன். எழுதி வைத்திருந்த பிரெஞ்சு ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. "அது நான்தான்" என்று மட்டும் வந்தது.

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கீரை என்பதற்குப் பிரெஞ்சில் என்ன சொல்வது என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. களைக்கு அவர்கள் சொல்லும் பெயருக்கு "கெட்ட புல்" என்று அர்த்தம். "நான் கெட்ட புல்லைப் பறித்தேன். அதைச் சாப்பிடுவேன்" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

பெரியவரின் முகம் வெளுத்துவிட்டது. "மதாம், அது நீங்கள் என்று எனக்குத் தெரியாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆறு வருடம் என் முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னவர், முதுகை மட்டும் பார்த்ததும் திருடி என்று நினைத்திருக்கிறார். அதைவிட, அடுத்து அவர் கேட்டதுதான் என்னை நிலைகுலைய வைத்தது. தயங்கித் தயங்கி, மரியாதையாகத்தான் கேட்டார்.

"அப்படியென்றால், தக்காளி?"

"இல்லை" என்றேன். "தக்காளி நான் எடுக்கவில்லை."

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் திரும்பி, மிகவும் கனிவாக, "பரவாயில்லை அம்மா, வெறும் தக்காளிதானே" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் செய்யாத ஒன்றுக்கு என்னை மன்னித்துவிட்டார்கள். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். மன்னிப்புக்கு என்ன பதில் சொல்வது? உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு பலகையில் வட்டப் பொட்டுகளை ஒட்டச் சொன்னார்கள். திறந்த தோட்டத்துக்குப் பச்சை, வேலிக்குச் சிவப்பு. வெளியே வரும்போது பார்த்தேன். பலகை முழுக்கச் சிவப்பு. அக்கா எதையும் ஒட்டவில்லை.

இன்னும் வெளிச்சம் இருந்தது. வீடு வரும்வரை நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். எப்படி அக்கா அவருக்கு மனசு வந்தது, ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே, ஜன்னலுக்குப் பின்னால் நின்று படம் எடுக்கிறாரே என்று. எங்கள் கட்டட வாசல் படியில் அக்கா நின்றுவிட்டார்.

"தங்கச்சி, தக்காளி ஆய்ஞ்சது நான்."

ஆய்வது என்றால் அவர் பேச்சில் பறிப்பது. எனக்குக் கேட்டது. புரியவில்லை.

"வேலையாலை வந்து மூண்டு மணிக்கு ஆய்வன். கிழமையிலை ரெண்டு தரம்."

"அக்கா, எல்லார் முன்னாடியும் நான் எந்திரிச்சு நிக்கறேன். நீங்க பக்கத்துலயே உக்காந்துட்டு இருந்தீங்களே!"

"ஓம். இருந்தனான்."

"ஏன்க்கா?"

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருக்கலாம்.

"அது என்ரை பெட்டி எண்டு நினைச்சுத்தான் ஆய்ஞ்சனான். மே மாசம் தக்காளிக் கண்டு வைச்சது நான். விடியமுன்னம் தண்ணி விட்டது நான். இண்டைக்கு நகராட்சிப் பிள்ளை தோட்டத்து வரைபடம் காட்டேக்கை பாக்கிறன், என்ரை வீட்டு நம்பர் ஒண்டிலையும் இல்லை. அந்தப் பெட்டியிலை அந்தக் கிழவன்ரை நம்பர் கிடக்கு."

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"போன மாசியிலை பேப்பர் உங்களிட்டைத்தானே தந்தனான். நிரப்பிக் குடுத்திட்டன் எண்டு சொன்னீங்கள்."

அப்படித்தான் சொன்னேன். நன்றாக நினைவிருந்தது. அந்தச் சமயம் எனக்கு அலுவலகத்தில் ஒரு மென்பொருள் வெளியீடு, தினமும் பத்து மணிநேரம் கணினிமுன். அக்கா படியேறி வந்து, ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பெயர் பதிய வேண்டுமாம், எல்லாம் பிரெஞ்சில் இருக்கிறது, பேந்து ஒருக்கால் பார்த்து அனுப்பி விடுங்கோ என்று படிவத்தைத் தந்தார். வாங்கி வைத்தேன். இரண்டு வாரம் கழித்து மாடிப்படியில் பார்த்துக் கேட்டார். "போட்டுட்டேன்க்கா" என்றேன். அன்று இரவே போட்டுவிடலாம் என்று நினைத்துத்தான் சொன்னேன். பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை. அதற்குப் பிறகு அது என் நினைவிலேயே இல்லை.

"அங்கயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"என்னெண்டு சொல்லுறது? தக்காளி என்ரை எண்டால், பேர் ஏன் இல்லை எண்டு கேப்பினம். தங்கச்சி போடேல்லை எண்டு சொல்ல வேணும். அத்தினை பேருக்கு முன்னாலை உங்களை நான் அப்பிடிச் சொல்லுறதோ?"

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்குப் போய்த் தேடினேன். படிவம் என் பிரெஞ்சு வகுப்புக் கோப்பில் இருந்தது. மேலே அக்கா தன் கையால் ஆங்கில எழுத்தில், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எழுத்தாக, பெயரை மட்டும் எழுதியிருந்தார். மீதி முழுவதும் காலி. கூட்டத்தில் நடந்தது எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் அந்தக் காலிக் கட்டங்களைப் பார்த்தபோது வந்தது வேறு. நான் எப்படிப்பட்டவள் என்று நான் நினைத்திருந்தேனோ அவள் நான் இல்லை என்று யாரோ கன்னத்தில் அறைந்து சொன்னதுபோல இருந்தது.

மறுநாள் காலை பெரியவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் என்னைக் கண்டதும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். நான் தடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தைக் காட்டினேன். அவர் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார்.

"அந்தக் கன்றுகளை வைத்தது கீழ்வீட்டு மதாமா? நகராட்சி வைத்துத் தந்தது என்றல்லவா நினைத்தேன்! மற்றவர்களுக்கெல்லாம் தந்தார்களே."

அவருக்கு அந்த வருடம்தான் பெட்டி கிடைத்தது, அதுவும் ஒரு பெட்டி யாரும் கேட்காமல் காலியாக இருக்கிறது என்று. ஜூனில் போய்ப் பார்த்தபோது செடி தயாராக நின்றிருக்கிறது. சந்தோஷமாகத் தினமும் மாலையில் தண்ணீர் விட்டிருக்கிறார். மதியம் எப்போதும் காப்பிக் கடையில் நண்பர்களோடு இருப்பார். அதனால் மூன்று மணிக்கு அக்கா வருவது தெரியவே இல்லை. ஒரே செடிக்கு இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அறியாமல், கோடை முழுவதும் தண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியென்றால் நான்தான் அவளுடையதைத் தின்றேன்" என்றார். "அவள் மரத்தடியில் முதல் செடி வைத்த அன்று இந்த ஜன்னலிலிருந்து பார்த்தவன் நான்."

நகராட்சிக்கு அன்றே எழுதினேன். யாரும் திருடவில்லை, தவறு என்னுடையது என்று. பெரியவரும் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதி, பேருந்தில் போய்த் தானே கொடுத்துவிட்டு வந்தார். வேலி வேண்டாம், என் புகாரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. உங்கள் நேர்மைக்கு நன்றி. ஆனால் கலந்தாய்வில் பெரும்பாலோர் தெரிவித்த விருப்பப்படி முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. மனிதர்கள் வந்தார்கள், படம் பார்த்தார்கள், பொட்டு ஒட்டினார்கள். நான் எழுந்து நின்று தெரியாத மொழியில் உளறியதும் சேர்த்துத்தான் அந்த முடிவு.

அக்காவிடம் போய், அடுத்த வருடத்துப் படிவத்தை இப்போதே போட்டுவிடுகிறேன் என்று கேட்டேன். அவர் என் கையில் தேநீரைக் கொடுத்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"வேண்டாம் தங்கச்சி. நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

வேலைக்கு ஒரு நாள் விடுப்புப் போட்டு, பெரியவரையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அக்காவுக்குப் பிரெஞ்சு வராது, பெரியவருக்கு ஆங்கிலம் அரைகுறை. இருவரும் என்ன பேசிக்கொண்டு போனார்களோ தெரியாது. ஒரே பெட்டியைப் பாதியாகப் பிரித்து, இருவர் வீட்டு எண்ணையும் போட்டுப் பதிந்துவிட்டு வந்தார்கள்.

பனி உருகியதும் வேலி வந்தது. இடுப்பு உயரம்தான். பச்சை வண்ணம் அடித்த கம்பிகள், ஒரு சின்னக் கதவு, நான்கு எண் போட்டுத் திறக்கும் பூட்டு. சனிக்கிழமை காலையில் இருவரும் உள்ளே நிற்பதை என் பால்கனியிலிருந்து பார்ப்பேன். அக்கா கையால் காட்டுவார், பெரியவர் குழி தோண்டுவார். என்னைக் கண்டால் இருவரும் கையசைப்பார்கள். அக்கா இப்போதும் நண்டுக்கறி வைத்தால் ஒரு கிண்ணம் மேலே அனுப்புகிறார். பேச்சில் குறை ஏதும் இல்லை.

பூட்டின் எண் எனக்குத் தெரியாது. அவர்கள் மறைக்கவும் இல்லை. கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். அக்கா எத்தனையோ தடவை வாசலில் நின்று என்னோடு கதைத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் கேட்க வாயெடுத்து, வேறு எதையாவது கேட்டுவிட்டு மாடி ஏறிவிடுகிறேன்.